கடலுக்கு ஒரு திண்ணை

துவாக்குடிக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் ராஜபாட்டையில் சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பாறையும் செம்மண்ணும் கலந்த மேட்டு நிலம். ஒரு பக்கம் கல்லூரி. ஒரு பக்கம் தொழிற்பேட்டை. பகலெல்லாம் இரும்பைத் தட்டும் ஓசை. பெரிய நீர்நிலை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக் கொள்வது, உய்யக்கொண்டான் வாய்க்கால் கடைசியில் போய்ச் சேரும் வாழவந்தான்கோட்டை ஏரியைத்தான். மழைக்காலத்தில் அது நிரம்பிக் காற்றில் அலையடித்தால், “பாருங்கள், கடல் மாதிரி இருக்கிறது!” என்று குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டுவோம்.

ஆனால் எங்கள் ஊர் வழியாக ஓடும் அந்தச் சாலையைக் கிழக்கு முகமாகப் பிடித்துக் கொண்டே போனால், தஞ்சாவூரையும் திருவாரூரையும் கடந்து நாகப்பட்டினம் கடற்கரையில் கொண்டு போய் விட்டுவிடும். ரயிலும் அப்படியே. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லும், திருச்சிராப்பள்ளிக்கு 1862-லும் இருப்புப் பாதை வந்துவிட்டது. அந்தப் பாதையில் தகரப் பெட்டியும் பாயுமாகக் கப்பலேறப் போன காவிரிக்கரை ஜனங்கள் எத்தனையோ பேர். எங்கள் குடும்பமும் அவ்விதம் போய், அவ்விதமே திரும்பி வந்த குடும்பந்தான். எனவே சமுத்திரத்துக்கும் எங்களுக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. அதைத் தீர்க்கப் போன கதையைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கியது. 1990-இல் பிரான்ஸ் தேசத்தில் கட்டப்பட்ட கப்பல் அது. நீளம் இருநூறு மீட்டருக்கு மேல். எங்கள் திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர் என்பார்கள். அம்மாதிரி இரண்டு மலைக்கோட்டைகளைப் படுக்க வைத்து, அரைக் கோட்டையையும் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம். உள்ளே ஏறக்குறைய எண்ணூறு அறைகள். பத்திரிகையில் படத்தைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் குழந்தைகள் சும்மா இருக்கவில்லை. பிறகு வந்த ஒரு கோடை விடுமுறையில், இரண்டு இரவு கடலில் போய்விட்டுச் சென்னைக்கே திரும்பும் சிறு பிரயாணம் ஒன்றுக்குப் போவதென்று தீர்மானித்தோம்.

தீர்மானித்தது சுலபம். அறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் வந்தது சங்கடம்.

கப்பலில் அறைகள் மூன்று தினுசு. முதலாவது, உள்ளறை. நான்கு பக்கமும் சுவர். விளக்கை அணைத்தால் பட்டப் பகலிலும் நள்ளிரவுதான். இரண்டாவது, கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. கடலைப் பார்க்கலாம், ஆனால் ஜன்னலைத் திறக்க முடியாது. மூன்றாவது, வெளியே தனியாக ஒரு சிறு தாழ்வாரம் வைத்த அறை. இதை ‘பால்கனி’ என்கிறார்கள். கதவைத் திறந்துகொண்டு போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், கம்பிக்கு அப்பால் சமுத்திரந்தான். எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால், கடலைப் பார்த்த திண்ணை. எங்களுக்குச் சொல்லப்பட்ட கட்டணத்தில், உள்ளறைக்கும் இந்தத் திண்ணை அறைக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு வித்தியாசம் இருந்தது.

வீட்டில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டுவிட்டன. “இரண்டு இரவுக்கு இவ்வளவு பணமா? தூங்குவதற்குத்தானே அறை? கண்ணை மூடிய பிறகு உள்ளறை என்ன, வெளியறை என்ன?” என்பது ஒரு கட்சி. “கடலைப் பார்க்கத்தானே போகிறோம்? கல்யாணத்துக்குப் போய்ப் பந்தலுக்கு வெளியே உட்காருவார்களா?” என்பது மற்றொரு கட்சி. இரண்டு பேரும் பள்ளிக்கூடச் சம்பளக்காரர்களாதலால், இரண்டு கட்சிகளும் சில சமயம் இடம் மாறிக்கொண்டன.

விவாதம் முற்றியபோது, நாங்கள் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினோம். ஆசிரியர்களுக்கு வேறு என்ன தெரியும்?

புரட்டியதில் முதலில் தெரிந்துகொண்டது, இந்தத் திண்ணை மிகவும் புதிய சரக்கு என்பது. ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு ஜனங்களைக் கொண்டு சேர்ப்பதையே தொழிலாகக் கொண்ட பழைய பிரயாணக் கப்பல்களில், தனித் தாழ்வாரம் என்பது அபூர்வத்திலும் அபூர்வம். புயலோ மழையோ குறித்த நாளில் போய்ச் சேர வேண்டிய கப்பல்களுக்குப் பலமான சுவர்தான் முக்கியமே தவிரச் சிங்கார வாசல் அல்ல. ஆகாய விமானம் வந்து அந்தக் கப்பல்களின் தொழிலைப் பறித்துக் கொண்டது. 2004-இல் ஓடத் தொடங்கிய ‘குவீன் மேரி 2’ ஒன்றுதான் அந்தப் பழைய ஜாதியில் மிஞ்சியது என்று சொல்லுகிறார்கள். மற்றவையெல்லாம், ஊர் போய்ச் சேருவதற்காக அன்றி, கடலில் இருப்பதற்காகவே ஓடும் உல்லாசக் கப்பல்கள். 1984-இல் வெளிவந்த ‘ராயல் பிரின்ஸஸ்’ என்ற கப்பலில்தான், உள்ளறையே இல்லாமல் எல்லா அறைகளையும் வெளிப்புறமாக வைத்து, அவற்றில் ஒரு பகுதிக்குத் தனித் தாழ்வாரமும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கட்டிய கப்பல்களில், உயிர் காக்கும் படகுகளைக் கீழ்த்தளங்களுக்கு இறக்கிவிட்டு, மேலே தேன்கூட்டைப் போல் வரிசை வரிசையாகத் தாழ்வாரங்களை அடுக்கினார்கள். எம்ப்ரஸ் 1990-ஆம் வருஷத்துக் கப்பலாதலால், அதில் இத்தகைய அறைகள் குறைவு. குறைவான பொருளுக்கு விலை அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கப்பலின் எந்தப் பக்கத்து அறை நல்லது என்பதைப் பற்றி ஒரு வேடிக்கையான கதையும் அகப்பட்டது. இங்கிலீஷில் பணக்கார மிடுக்கைக் குறிக்க ‘பாஷ்’ என்று ஒரு சொல் உண்டல்லவா? அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் சீமையிலிருந்து இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்பக்கத்திலும், திரும்பிப் போகும்போது வலப்பக்கத்திலும் அறை கேட்பார்களாம். அப்போதுதான் வெயில் படாதாம். அந்த வார்த்தைகளின் முதலெழுத்துக்களைச் சேர்த்துத்தான் ‘பாஷ்’ என்ற சொல் பிறந்தது என்பது கதை. சொல்லாராய்ச்சி செய்கிறவர்கள் இதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டார்கள். கதை பொய்யானாலும் வெயில் பொய்யல்ல. சென்னையிலிருந்து தெற்கே போகும் கப்பலில் இடப்பக்கம் சூரியோதயம். வலப்பக்கம் கரையும் அஸ்தமனமும். திரும்பி வரும்போது இது தலைகீழ்.

இவ்வளவையும் படித்து முடித்து, இரண்டு கட்சிகளும் சமபலத்தில் நின்ற ஓர் இரவில், அதுவரை பேசாமல் முறத்தில் அரிசி புடைத்துக் கொண்டிருந்த அம்மா கேட்டார்: “ஏம்ப்பா, கடலைப் பார்க்கிறதுக்குத் தனியாக் காசா? நாங்க வந்த கப்பல்லே கடலைத் தவிர வேறே ஒண்ணுமே இல்லையே!”

அம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1953-இல், ஒன்பது வயதுச் சிறுமியாகப் பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியவர். அந்தக் கப்பலின் பெயர் ‘ரஜூலா’. தமிழ்நாட்டில் பழைய தலைமுறைக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், முகம் மாறிவிடும். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் நடந்தது. ஆரம்ப காலத்தில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ‘டெக்’ பிரயாணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. டெக் பிரயாணி என்றால் அறை கிடையாது; கட்டில் கிடையாது. மேல்தளத்திலும் அதை அடுத்த தளங்களிலும் கிடைத்த இடத்தில் பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வராது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். படகில் இறங்கிக் கரை சேர வேண்டும்.

“அப்பா சாக்கட்டியாலே எங்க இடத்தைச் சுத்திக் கோடு போட்டு வச்சாரு. ஒரு பக்கம் செட்டிநாட்டுக்காரங்க. இன்னொரு பக்கம் ராவுத்தர் குடும்பம். அந்த அம்மா எனக்குத் தலை பின்னி விட்டாங்க,” என்று அம்மா சொல்வது உண்டு. அந்தக் கதை எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அன்றைக்கு அம்மா கேட்ட அடுத்த கேள்வி எங்களுக்குப் புதிது.

“அந்தத் திண்ணை வச்ச அறையிலே, ராத்திரி எந்நேரமும் வெளியிலே உட்கார்ந்திருக்கலாமா? யாரும் போகச் சொல்ல மாட்டாங்களே?”

எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்த 1953-ஆம் வருஷத்துப் பிரயாணத்தில், நாகப்பட்டினம் வந்து சேர இரண்டு நாள் இருக்கும்போது, அம்மாவின் அப்பாயி கப்பலிலேயே காலமாகிவிட்டார். சொந்த ஊர் மண்ணில் கண்ணை மூட வேண்டும் என்பதற்காகவே அந்தக் கிழவியை அழைத்துக்கொண்டு புறப்பட்டார்களாம். கப்பல் வழக்கப்படி கித்தான் துணியில் சுற்றி, பாரம் கட்டி, சமுத்திரத்தில் இறக்கினார்கள். ஒன்பது வயதுச் சிறுமி பார்க்கக் கூடாதென்று ராவுத்தர் வீட்டு அம்மாள் தன் முந்தானையால் முகத்தை மூடிவிட்டாள். பிறகு ஒவ்வொரு வருஷமும் ஆடி அமாவாசையன்று தாத்தா ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விட்டு வந்தார். “காவேரித் தண்ணி கடலுக்குத்தானே போகுது, போய்ச் சேரும்” என்பாராம். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அந்த அப்பாயி எப்படி இருந்தார், என்ன பேசினார் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

விவாதம் அத்துடன் முடிந்தது. ஓர் அறை திண்ணையுடன், அம்மாவுக்கும் எங்கள் பெண்ணுக்கும். ஓர் உள்ளறை, எங்களுக்கும் பையனுக்கும் என்று எழுதிப் பணத்தைக் கட்டினோம்.

திண்ணை அறையிலும் எந்த அறை என்று பார்க்க வேண்டியிருந்தது. நேயர்களுக்கு உபயோகப்படும் என்பதால் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்லி விடுகிறோம். பள்ளிக்கூட மைதானத்தில், இரு முனையிலும் குழந்தைகள் உட்கார்ந்து ஏறி இறங்கும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். முனையில் இருப்பவன் ஆகாயத்துக்கும் பூமிக்கும் போய் வருவான். நடுவில் நிற்பவனுக்கு ஆட்டமே தெரியாது. கப்பலும் அப்படித்தான். முன்புறமும் பின்புறமும் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. அது போலவே உயரே போகப் போக ஆட்டம் கூடும். திண்ணை அறைகள் பெரும்பாலும் உயரத்தில் இருப்பதால், நடுப்பகுதியைக் கேட்டு வாங்குவது உத்தமம். கப்பலின் படத்தை வாங்கி, அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைக்கு மேல் நடன மண்டபமோ, காலுக்குக் கீழ் வாத்திய கோஷ்டியோ இருந்தால் காசு கொடுத்து வாங்கிய நித்திரை போய்விடும். எதிரே உயிர் காக்கும் படகு தொங்குகிறதா என்றும் விசாரிக்க வேண்டும். கடலுக்குப் பதிலாகப் படகின் வயிற்றைப் பார்த்துக் கொண்டிருக்க நேரலாம். வயதானவர்கள் இருந்தால் மின்தூக்கிக்குப் பக்கத்து அறையாகவும், கதவருகில் காலைத் தடுக்கும் உயரமான வாசற்படி இல்லாததாகவும் பார்ப்பது நல்லது. பருவத்தையும் மறக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடா புயலுக்குச் சொந்தம். திண்ணையைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார வேண்டியிருக்கும்.

சென்னைத் துறைமுகத்தில் சாயங்காலம் கப்பல் நகர்ந்தபோது, கரைதான் நகருகிறது என்று பையன் சொன்னான். கலங்கரை விளக்கமும் கட்டடங்களும் சிறுத்துச் சிறுத்து ஒரு கோடாகி, பிறகு அந்தக் கோடும் இல்லை. அம்மாவின் திண்ணையைப் போய்ப் பார்த்தோம். இரண்டு நாற்காலி போடலாம். நின்றால் கம்பி மார்பளவு. இரு பக்கமும் பலகைத் தடுப்பு. அடுத்த திண்ணையில் ஒருவர் இருமினால் கேட்கும். ஆளைப் பார்க்க முடியாது. கடலில் எதையும் போடக் கூடாது என்று ஓர் அறிவிப்பு. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஒன்றும் போடுவதற்கு அவர் கொண்டு வரவும் இல்லை.

அன்றிரவு அங்கே என்ன நடந்தது என்பதை மறுநாள் காலையில் எங்கள் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். விளக்கை அணைத்துவிட்டு இருவரும் வெளியே உட்கார்ந்தார்களாம். வெகு நேரம் அம்மா பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லையாம். அந்த அப்பாயியின் கையில் தேள் உருவம் பச்சை குத்தியிருந்தது, வெற்றிலை இடிக்கிற சிறு இரும்பு உரலை இடுப்பிலேயே வைத்திருப்பார், ரப்பர் மரத்தை ‘மாடு’ என்றும், பால் எடுக்கப் போவதைக் ‘கறக்கப் போகிறேன்’ என்றும் சொல்லுவார், ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தான் சாப்பிடாமல் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம், சாகிறதற்கு முதல் நாள், “ஊர் வந்தாச்சா?” என்று கேட்டதற்கு, அழக் கூடாதென்று, “வந்தாச்சு அப்பாயி” என்று இந்த ஒன்பது வயதுச் சிறுமிதான் பொய் சொல்லியிருக்கிறாள்.

“அதை எழுபது வருஷமா யார்கிட்டேயும் சொல்லலையாம்,” என்றாள் பெண்.

நாங்கள் கொடுத்த இரட்டிப்புப் பணத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

மறுநாள் எல்லோரும் மேல்தளத்துக்குப் போனோம். உள்ளறைக்காரருக்கும் திண்ணைக்காரருக்கும் மேல்தளம் ஒன்றுதான். அங்கே டிக்கட்டைக் கேட்பவர் இல்லை. ஆகாயம் முழுவதும், கடல் முழுவதும், சுற்றிச் சுற்றி எந்தத் திசையிலும். எங்கள் உள்ளறையில் தூங்கிய நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நாங்கள் அங்கேதான் இருந்தோம். நஷ்டம் என்று ஒன்றும் தோன்றவில்லை.

அப்போது எங்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வந்தன. ஒன்று, மகாத்மா காந்தி 1931 ஆகஸ்டு 29-ஆம் தேதி பம்பாயிலிருந்து ‘ராஜபுதானா’ கப்பலில் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனது. இரண்டாம் வகுப்பில் சீட்டு வாங்கிக்கொண்டு, பகலில் பெரும்பாலும் மேல்தளத்திலேயே நூல் நூற்றுக் கொண்டிருந்தார். இரவிலும் அங்கேயே படுத்தார். கப்பலில் மிக நல்ல அறை எது என்பதை அவர் காசு செலவில்லாமல் கண்டுபிடித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

மற்றொன்று, நம் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல். 1906-இல் இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாகச் சேர்த்துத் தொடங்கிய கம்பெனி. ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களும் 1907-இல் தூத்துக்குடிக்கு வந்தபோது, ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேருக்கும், இரண்டாம் வகுப்பில் 24 பேருக்கும், சாதாரண வகுப்பில் 1,300 பேருக்கும் இடம் இருந்தது. அந்த ஆயிரத்து முந்நூறு பேரைப் பிடிக்கத்தான் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் இனாம் என்று கூவியதாகச் சொல்வார்கள். கப்பலின் ஜீவன் அந்தப் பாய் விரித்தவர்களிடத்தில் இருந்தது என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது.

அந்தக் காலத்து டெக் பிரயாணத்தைச் சுவர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வாந்தியும் நாற்றமும், தண்ணீருக்கு வரிசையும், புயலில் நனைந்த பாயும் அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரஜூலாவுக்குப் பின் அந்த வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பல உயிர்களைப் பலி கொண்டதும், அத்துடன் அதன் ஓட்டம் நின்றதும் மறக்கத் தக்கதல்ல. வசதி வந்தது நல்லதற்குத்தான். ஆனால் எங்கள் கிராமங்களில் திண்ணை என்று கட்டியது, வழிப்போக்கனும் வந்து தலை சாய்ப்பதற்கு. கப்பலில் விற்கிற திண்ணையில் வழிப்போக்கன் வர வழியில்லை. ரஜூலாவோ ஐயாயிரம் பேருக்கு ஒரே திண்ணை.

இரண்டாவது இரவு சாப்பாடு முடிந்ததும், அம்மா தன் அறைக்குப் போகாமல் எங்களோடு மேல்தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வேலூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம். அந்த வீட்டுச் சிறுமிக்குத் தலை அவிழ்ந்து காற்றில் பறந்துகொண்டிருந்தது. அம்மா அவளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்துப் பின்னல் போடத் தொடங்கினார்.

“அறைக்குப் போகலையா அம்மா? இவ்வளவு பணம் கொடுத்த திண்ணை காலியாக் கிடக்குதே!” என்றோம்.

“நேத்து அது வேண்டியிருந்திச்சு. இன்னிக்கு வேண்டாம்,” என்றார் அம்மா. “அங்கே காத்து வருது; மனுசங்க வரலையே.”

ஆகையால் திண்ணை அறை வாங்கலாமா, கூடாதா என்று எங்களைக் கேட்டால், எங்கள் பதில் இதுதான்: கடலோடு தனியாகப் பேச வேண்டியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், கடன் வாங்காமல் முடிந்தால், தயங்காமல் வாங்குங்கள். படியேற முடியாத முதியவர்களுக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் அது சௌகரியந்தான். மற்றவர்கள் உள்ளறையை வாங்கிப் படுத்துக்கொண்டு, மேல்தளத்தில் வாழலாம்.

ஊர் திரும்பியதும் அம்மா வேறொரு யோசனை சொன்னார். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு பிரயாணக் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் புறப்பட்டதல்லவா? அதில் படுக்கை அறையே கிடையாதாம். சில மணி நேரப் பிரயாணம், எல்லோருக்கும் நாற்காலிதான். “அடுத்த தடவை அதிலே போவோம்ப்பா. எந்த அறைன்னு நீங்க சண்டை போட வேண்டியதில்லே,” என்கிறார்.

எங்கள் ஊர்ச் சாலை நேரே அங்கேதான் போகிறது.